வலை இழுக்கும்போது மட்டும் படுத்துவிடும் இன்ஜின்

படகு இன்ஜின் ஒரேயடியாக நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. கட்டி இழுத்து வந்து, பிரித்துப் போட்டு, கெட்டதை மாற்றிவிடலாம். ஜெட்டியில் (படகுத்துறையில்) கட்டியிருக்கும்போது தங்கமாக ஓடி, கடலுக்குப் போய் வலையை இறக்கி இழுக்க ஆரம்பித்ததும் சக்தி குறைந்து, நிறுத்தி வைத்தால் கால் மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடி ஓடுகிற இன்ஜின் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். மெக்கானிக்கிடம் காட்டினால் அவர் கண் முன்னால் நன்றாக ஓடும். டிரைவர் பொய் சொல்கிறாரோ என்று சொந்தக்காரருக்குத் தோன்றும், சொந்தக்காரர் பழைய சாமானைப் போட்டு ஏமாற்றுகிறாரோ என்று டிரைவருக்குத் தோன்றும். போன மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு எங்கள் படகுக்கு இந்த வியாதி வந்தது. அது என்ன என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு லட்சத்துக்கு மேல் போனது. அன்றைக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

எங்களுடையது ராமேஸ்வரத்தில் ஒரு நடுத்தர விசைப்படகு. அப்பா வாங்கியது. ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், இன்ஜின் ரூமுக்குள்ளேயே இரும்புத் தகட்டில் செய்த 600 லிட்டர் டீசல் டாங்க். கிழக்குக் கடற்கரை முழுக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில்தான் எல்லாரும் படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, இன்ஜினைப் பார்த்துக்கொள்வோம். நாங்களும் அப்படித்தான் செய்தோம். தடைக்காலம் முடிந்ததும் வருகிற முதல் சில கடல்கள், அதாவது கடலுக்குப் போய் வருகிற நடைகள்தான் வருஷத்தின் பெரிய வருமானம். இறால் அப்போதுதான் நன்றாகப் படும். எங்கள் பகுதியில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஒரு நாள் போச்சு என்றால் அந்த வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு.

முதல் கடலிலேயே ஆரம்பித்துவிட்டது. கடலுக்குப் போக மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கி, டாங்க் நிறைய டீசல் போட்டு, ஐஸ் ஏற்றிக் காலையில் கிளம்பினார்கள். ஓட்டத்தில் பெரிதாகத் தெரியவில்லை. வலையை இறக்கி இழுக்கத் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஆர்.பி.எம். மெதுவாக இறங்கியிருக்கிறது. ஆக்சிலேட்டரை எவ்வளவு கொடுத்தாலும் ஏறவில்லை. கடைசியில் விக்கல் எடுத்து நின்றே போனது. டிரைவர் கீழே இறங்கி டாங்க் மூடியைத் திறந்து டீசல் அளவு பார்த்து, டீசலை வடிகட்டுகிற பில்டர் மேலிருக்கும் திருகைத் தளர்த்தி, கை பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்தால் உடனே பிடித்துக்கொண்டது. அப்புறம் அரை மணி நேரத்தில் மறுபடி அதே கதை. சாயங்காலத்துக்கு மேல் தொல்லை குறைந்தது. ராத்திரி முழுக்க ஒழுங்காகவே ஓடியது. அந்த ஒரு விஷயத்தில்தான் விடையே இருந்தது. அன்றைக்கு யாருக்கும் அது உறைக்கவில்லை.

ஜூன் மாதம் என்றால் கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து வரும். எங்கள் கரையிலிருந்து வடகிழக்கே கச்சத்தீவு, அதற்கு முன்னாலேயே இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோடு. இன்ஜின் நின்ற படகைக் கச்சான் எந்தப் பக்கம் தள்ளும் என்று மேப்பைப் பார்த்தாலே தெரியும். வேண்டுமென்று எல்லை தாண்டுகிறவர்கள் கதை வேறு, அந்த வாக்குவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் இன்ஜின் செத்துப் போய் மிதந்து போனவனும் அங்கே பிடிபட்டால் அதே வழக்குத்தான். 2018ல் இலங்கை சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு உயர்த்திய பிறகு, பிடிபட்ட படகு திரும்பி வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதனால் இந்தக் கோளாறை ஒரு இன்ஜின் பிரச்சினையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. டிரைவர் போனில் “தம்பி, மறுபடி நின்னுடுச்சு” என்று சொன்னதும் எனக்கு முதலில் வந்த கேள்வி, “அண்ணே, ஜி.பி.எஸ்.ல எங்க இருக்கீங்க?” என்பதுதான்.

முதல் மெக்கானிக் வந்தார். தடைக்காலத்தில் டீசல் தேங்கிக் கிடந்திருக்கும், பில்டர் அடைத்திருக்கும் என்றார். நியாயமான பேச்சுத்தான். பாதி டாங்க் டீசலை இரண்டு மாதம் வைத்திருந்தால் மேலே காலியாக இருக்கிற இடத்தில் ஈரம் படிந்து தண்ணீர் இறங்கும். தண்ணீரும் டீசலும் சேருகிற இடத்தில் கறுப்பாகச் சளி மாதிரி ஒன்று வளரும். கடலில் படகு ஆடும்போது அது கலங்கி பில்டருக்கு வரும். பில்டரைக் கழற்றிப் பார்த்தபோது அழுக்கு இருந்தது உண்மை. இரண்டு பில்டரும் மாற்றி, தண்ணீர் பிரிக்கிற கிண்ணத்தைக் கழுவி, ஜெட்டியில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினார். நூல் பிடித்தது மாதிரி ஓடியது. கடலுக்குப் போனால் வலை இறக்கிய கொஞ்ச நேரத்தில் பழையபடி படுத்துக்கொண்டது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லோடு இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது சோதனையே கிடையாது. ஜெட்டியில் ஸ்லோவில் நிற்கிற இன்ஜின் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு லிட்டர் டீசல் குடித்தால் அதிகம். வலை இழுக்கும்போது அதே இன்ஜின் பதினைந்து லிட்டர் குடிக்கும். டீசல் வருகிற பாதையில் எங்கே சிறு இடைஞ்சல் இருந்தாலும் இரண்டு லிட்டருக்கு அது வழி விடும், பதினைந்துக்கு விடாது. ஜெட்டியில் ஓட்டிக் காட்டி “ஓ.கே., பணம் கொடுங்க” என்று கேட்கிறவரிடம், “வாங்க, ஒரு மணி நேரம் வெளியே போய் லோடு கொடுத்துப் பார்த்துட்டு வருவோம்” என்று சொல்லத் தயங்கக் கூடாது. டீசல் செலவு நம்முடையதுதான், ஆனாலும் அது லாபம். வலை இறக்க முடியாவிட்டால் ஜெட்டியிலேயே தடித்த கயிறாகப் போட்டுப் படகைக் கட்டி, கியர் போட்டு, விசிறி (புரொப்பெல்லர்) தள்ளத் தள்ள ஓட்டிப் பார்க்கலாம். பக்கத்துப் படகுக்காரர் சத்தம் போடுவார், போட்டுவிட்டுப் போகட்டும்.

அடுத்து வந்தவர் கொஞ்சம் பெரிய ஆள். நின்று கேட்டார், தலையை ஆட்டினார், “டீசல் பம்ப் போயிடுச்சு” என்றார். பம்பையும், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற ஆறு நாசிலையும் கழற்றிச் சாக்கில் கட்டி வெளியூர் பம்ப் ரூமுக்கு அனுப்பினோம். அது திரும்பி வருகிற வரைக்கும் படகு கட்டியே கிடந்தது. கூலி, சாமான், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 30,000க்குப் பக்கத்தில் வந்தது. பம்ப் ரூம்காரர் பில்லில் “காலிபரேஷன்” என்று ஒரு வரியும் கீழே ஒரு தொகையும் எழுதியிருந்தார். மாற்றிய பழைய சாமான் எங்கே என்று கேட்டால் அதற்குள் பழைய இரும்புக்குப் போய்விட்டதாம். இதைச் செய்யாதீர்கள். பம்பை அனுப்பும்போதே, வந்த நிலையில் ஒரு தடவை டெஸ்ட் பெஞ்சில் ஓட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் தள்ளுகிறது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லுங்கள். பிரித்த பிறகு எல்லாப் பம்பும் கெட்ட பம்புதான். பழைய சாமானை ஒரு பையில் போட்டுக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பம்ப் உண்மையிலேயே கெட்டிருந்ததா என்பது இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

பம்ப் மாட்டிய பிறகு இன்ஜின் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. வலை இறக்கிய அரை மணி நேரத்தில் நின்றது. அன்றைக்கு ராத்திரி வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. பம்புக்காக அடகு வைத்தது மனைவியின் வளையல். அவள் ஒன்றும் கேட்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மற்ற படகுகள் பெட்டி பெட்டியாக இறால் இறக்கும்போது நம் படகு மட்டும் ஆடிக்கொண்டு நிற்பதைப் பார்க்க வெட்கமாக இருக்கும். ஜெட்டிப் பக்கம் போகாமல் சுற்றிப் போன நாட்கள் உண்டு. கடலுக்கு வருகிற ஆட்களில் ஒருவர் வேறு படகுக்கு மாறினார். அவரைக் குறை சொல்ல முடியாது, மீன்பாடு இல்லாத படகில் பங்குக்கு என்ன கிடைக்கும்? வருகிறவர் போகிறவர் எல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். விசிறியில் வலைத்துண்டு சுற்றியிருக்கும், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தருகிற டர்போ போயிருக்கும், சைலன்சர் அடைத்திருக்கும், யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்பது வரைக்கும்.

அப்போது நான் பிடித்துக்கொண்டது புகையை. இது முக்கியமான விஷயம், பணம் செலவில்லாதது. சக்தி குறையும்போது கறுப்புப் புகை தள்ளினால் இன்ஜினுக்கு டீசல் வருகிறது, ஆனால் காற்று போதவில்லை அல்லது லோடு மிஞ்சிப் போயிருக்கிறது. ஏர் பில்டர், டர்போ, விசிறியில் சுற்றிய கயிறு, அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பி, இவற்றைப் பார்க்க வேண்டும். ஹீட் ஏறிச் சக்தி குறைந்தால் தண்ணீர் சுற்றுகிற பாதையைப் பார்க்க வேண்டும். புகையே குறைந்து, ஹீட்டும் சாதாரணமாக இருந்து, இன்ஜின் சும்மா மெலிந்து மெலிந்து விழுந்தால் அதற்கு டீசல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். எங்களுக்குக் கறுப்புப் புகை ஒரு பொட்டுகூட இல்லை. ஆகவே விசிறி, டர்போ, சைலன்சர், செய்வினை எல்லாவற்றையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது டாங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள பாதை.

டிரைவரிடம் ஒரு பழைய டைரியைக் கொடுத்து, “அண்ணே, ஒவ்வொரு தடவை படுக்கும்போதும் மணி, ஆர்.பி.எம்., டாங்க்ல எவ்வளவு இருக்கு, எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி கடைசியா என்ன செஞ்சீங்க, இது நாலையும் எழுதுங்க” என்றேன். முதலில் சலித்துக்கொண்டார். அப்புறம் ஒழுங்காகவே எழுதினார். ஓரத்தில் “டொங்” என்று சில இடத்தில் எழுதியிருந்தது. என்ன என்று கேட்டால், இன்ஜின் ரூமில் அடிக்கடி தகரத்தைத் தட்டின மாதிரி ஒரு சத்தம் வருகிறதாம், ஷாப்ட் பக்கம் இருக்கும் என்று நினைத்தாராம். அதை அப்படியே விட்டுவிட்டோம்.

அடுத்த சோதனைதான் எல்லாவற்றையும் திருப்பியது. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. டாங்கிலிருந்து வருகிற குழாயைக் கழற்றிவிட்டு, 35 லிட்டர் கேன் ஒன்றில் நல்ல டீசல் ஊற்றி அதிலிருந்து நேராக இன்ஜினுக்குப் புதுக் குழாய் போட்டோம். ரிட்டர்ன் குழாயையும் மறக்காமல் அதே கேனுக்குள் விட வேண்டும். இல்லாவிட்டால் மிச்ச டீசல் எல்லாம் டாங்குக்குப் போய்க் கேன் சீக்கிரம் காலியாகிவிடும். கேனை ஆடாமல் கட்ட வேண்டும், சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, வாயை இறுக்கி மூடாமல் துணியால் சுற்றிவிட வேண்டும். இன்னொரு கேனும் தயாராக வைத்துக்கொண்டு நானும் கூடவே போனேன். வலை இறக்கி முழு இழுப்பு இழுத்தோம். ஒரு தடவைகூட ஆர்.பி.எம். அசையவில்லை. பம்ப், நாசில், டாங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தருகிற பீடு பம்ப் எல்லாம் சுத்தம் என்பது அந்த ஒரு இழுப்பில் தெரிந்துவிட்டது. கோளாறு டாங்கிலோ, டாங்கிலிருந்து வருகிற குழாயிலோதான். பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் இந்தக் கேன் சோதனையைச் செய்திருந்தால் வளையல் வீட்டிலேயே இருந்திருக்கும். இன்ஜின் மெலிகிற பிரச்சினை யாருக்கு வந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

குழாயை முழுக்கப் புதிதாக மாற்றினோம். இணைப்புகளில் இருக்கிற காப்பர் வாஷர் எல்லாம் புதிது போட்டோம். காற்று இழுக்கிறதா என்று பார்க்க பீடு பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் குழாய் மாட்டினோம். டீசலோடு குமிழி ஓடினால் கண்ணில் தெரியும். குமிழி இல்லை. சரி, டாங்குக்குள் ஏதோ துணியோ பாலித்தீனோ கிடந்து உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒட்டிக்கொள்கிறது, இன்ஜின் நின்றதும் விழுந்துவிடுகிறது என்று முடிவு செய்தோம். இப்படி நடப்பது சகஜம், பல படகில் கேள்விப்பட்டிருக்கிறேன். டீசலை இறைத்து, கை விடுகிற பெரிய மூடியைக் கழற்றி, டாங்கைக் கழுவினோம். அடியில் கறுப்புச் சேறு ஒரு வாளி வந்தது. துணி எதுவும் இல்லை. பெரிய மூடிக்குப் புது ரப்பர் வெட்டி வரவேண்டியிருந்ததால் மூடியைச் சும்மா வைத்து இரண்டு போல்ட் மட்டும் போட்டு, கொஞ்சம் வெளியே போய் லோடு கொடுத்துப் பார்த்தோம். அற்புதமாக ஓடியது. எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் ரப்பர் வைத்து எல்லாப் போல்ட்டையும் இறுக்கி, டாங்க் நிறைய டீசல் போட்டுக் கடலுக்குப் போனால் அரை மணி நேரத்தில் படுத்துவிட்டது.

அந்தக் கடலுக்கும் நான் போயிருந்தேன். ஆர்.பி.எம். இறங்க ஆரம்பித்ததும் டிரைவர் வழக்கம் போல இன்ஜின் ரூமுக்குள் இறங்கினார், நானும் பின்னாலேயே இறங்கினேன். இன்ஜின் இன்னும் நிற்கவில்லை, இழுத்துக்கொண்டு இருந்தது. அவர் அளவு பார்க்கிற குச்சியை எடுத்து, டாங்க் மூடியைத் திருகினார். பாதி திருகும்போதே “உஸ்ஸ்ஸ்” என்று ஒரு சத்தம். வெளியே வருகிற காற்று இல்லை, உள்ளே போகிற காற்று. மூடியைப் பிடித்திருந்த அவர் கையை டாங்க் இழுத்ததாகச் சொன்னார். அதே நேரத்தில் டாங்கின் பக்கத் தகடு “டொங்” என்று வெளியே தள்ளியது. அதுவரை அது உள்பக்கம் குழிந்திருந்ததையே நாங்கள் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, யாரும் இன்ஜினைத் தொடவில்லை, பில்டர் திருகைத் திறக்கவில்லை, கை பம்ப் அடிக்கவில்லை, ஆர்.பி.எம். தானாக ஏறிப் பழைய இடத்துக்கு வந்து நின்றது. நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாளும் காற்றை வெளியேற்றியதால்தான் இன்ஜின் எழுந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதற்கு முன்னால் பழக்கத்தில் மூடியைத் திறந்து டீசல் பார்த்தாரே, எழுப்பியது அதுதான்.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும், எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும். டீசல் டாங்குக்கு அந்த இரண்டாவது ஓட்டைதான் காற்றுக் குழாய். டாங்க் மேலிருந்து கிளம்பி டெக்குக்கு மேலே போய், மழையும் அலையும் உள்ளே விழாமல் இருக்க வாய் கீழ்நோக்கி வளைந்திருக்கும். வாயில் ஒரு கம்பி வலை கட்டியிருக்கும். தடைக்காலத்தில் படகுக்கு எனாமல் அடித்தவர்கள் அந்தக் குழாய்க்கும் சேர்த்து அழகாக அடித்திருக்கிறார்கள். கீழே குனிந்து விரலை விட்டுப் பார்த்தபோது வலையின் கண்கள் எல்லாம் பெயிண்ட்டில் மூடி வழவழவென்று இருந்தது. ஊசிமுனை அளவுக்கு நாலைந்து துளை மட்டும் மிச்சம். அந்தத் துளை வழியாகத்தான் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தால் டாங்க் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கரைக்கு வந்து டைரியை எடுத்து வைத்துப் பார்த்தபோது கணக்கு அப்படியே ஒத்துப்போனது. 600 லிட்டர் டாங்கில் 550 லிட்டர் டீசல் இருந்தால் மேலே காற்றுக்கு 50 லிட்டர் இடம்தான். இன்ஜின் அதிலிருந்து 5 லிட்டர் குடித்துவிட்டால், புதுக்காற்று உள்ளே வராத பட்சத்தில், உள்ளே அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டீசலைக் கூடுதலாக ஒரு மீட்டருக்கு மேல் உறிஞ்சித் தூக்குவதற்கு அது சமம். எங்கள் பீடு பம்ப் அதற்கு மேல் திணறியிருக்கிறது. மணிக்கு 15 லிட்டர் கணக்கில் 5 லிட்டர் தீர இருபது நிமிஷம். தகடு குழிந்து கொடுத்ததும், ஊசித் துளைகளும் சேர்ந்து அதை அரை மணி ஆக்கின. ராத்திரியில் டாங்க் பாதியாகி, மேலே காற்று 300 லிட்டர் இருக்கும்போது அதே அளவு அழுத்தம் குறைய 30 லிட்டர் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் வலையைத் தூக்க இன்ஜினை ஸ்லோ செய்துவிடுவோம். டாங்க் நிறைந்திருக்கும்போது தொல்லை, குறைந்த பிறகு தொல்லை இல்லை. பில்டர் அடைப்போ பம்ப் கோளாறோ இப்படி டாங்க் அளவைப் பார்த்து நடந்துகொள்ளாது. அடியில் இருக்கிற அழுக்கு என்றால் நேர்மாறாக, டீசல் குறையக் குறையத்தான் தொல்லை கூடும்.

சரிசெய்தது ஒரு வெல்டர். பழைய வாயை வெட்டி எறிந்துவிட்டுக் கொஞ்சம் பெரிய விட்டத்தில் புது வளைவு வைத்து, துருப்பிடிக்காத பித்தளை வலை ஒன்றைக் கழற்றி மாட்டுகிற மாதிரி போட்டுக் கொடுத்தார். டீ செலவோடு சேர்த்து 600 ரூபாய். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்து ஓட்டினால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். தற்காலிகமாகக் கரைக்கு வந்து சேர அது சரி. அப்படியே தொழில் செய்தால் அலைத் தண்ணீர் உள்ளே இறங்கும், கடல் தண்ணீர் பம்புக்குள் போனால் அப்புறம் பம்ப் ரூம்காரருக்கு நிஜமாகவே வேலை வரும். டீசல் ஆவியும் இன்ஜின் ரூமில் நிறையும். காற்றுக் குழாயைச் சோதிக்க ஒரு ரப்பர் குழாயை அதன் வாயில் மாட்டி, டாங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வாயால் ஊதிப் பாருங்கள், தடையில்லாமல் போக வேண்டும். பெயிண்ட் மட்டும்தான் என்றில்லை, கரையில் நிற்கிற படகில் குளவி மண் வைத்து மூடிய கதையும் அதன் பிறகு கேட்டேன். தடைக்காலம் முடிந்து படகு இறக்கும்போது நாங்கள் இப்போது முதலில் கழற்றிப் பார்ப்பது அந்த வலையைத்தான். பெயிண்ட் அடிக்கும்போது குழாய் வாயில் சிவப்புத் துணி கட்டிவிடுகிறோம், அவிழ்க்க மறந்தாலும் கண்ணில் படும்.

போன பணத்தைச் சொல்கிறேன். பம்பும் நாசிலும் 30,000 கிட்ட. பில்டர், பீடு பம்ப், குழாய், வாஷர், மெக்கானிக் கூலி எல்லாம் இன்னொரு 20,000. டாங்க் கழுவியதும், இறைத்து வீணான டீசலும் ஒரு 8,000. பாதியில் திரும்பிய கடல்களில் டீசலும் ஐஸும் ஆட்கள் சாப்பாடும் 50,000க்கு மேல். பிடிக்காமல் விட்ட இறாலை நான் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் தூக்கம் வராது.

இப்படி ஒரு கோளாறோடு படகை அனுப்ப வேண்டியிருந்தால் சில சாமான்கள் கட்டாயம் இருக்கட்டும். நங்கூரமும் போதுமான கயிறும் முதலில். பாக் நீரிணையில் பெரும்பாலான இடத்தில் ஆறேழு பாகத்துக்கு (ஒரு பாகம் ஆறடி) மேல் ஆழம் கிடையாது, இன்ஜின் நின்றதும் ஸ்டார்ட் செய்யப் போராடாமல் முதலில் நங்கூரத்தைப் போட்டுவிட்டால் எல்லைப் பக்கம் மிதக்கிற பயம் பாதி குறையும். இதில் ஆட்களிடம் கறாராக இருங்கள், “இதோ ஸ்டார்ட் ஆகிடும்” என்று ஒரு மணி நேரம் மிதப்பார்கள். வாக்கி டாக்கியில் பக்கத்துப் படகுக்குச் சொல்லிவிட வேண்டும். வி.எச்.எப். ரேடியோ இருந்தால் 16ஆம் சேனல். போன் எட்டுகிற தூரம் என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இந்த எண்களை டிரைவர் நிற்கிற வீல் ஹவுசில் பெயிண்ட்டில் எழுதி வையுங்கள். இரண்டு பில்டர், காப்பர் வாஷர் ஒரு பொட்டலம், பத்தடி டீசல் குழாய், கிளிப், அந்த 35 லிட்டர் கேன், இவை இப்போது எங்கள் படகில் நிரந்தரம். கேனும் குழாயும் இருந்தால் டாங்க் பக்கம் என்ன கெட்டாலும் கரை வந்து சேரலாம்.

போன மாதம் பக்கத்துப் படகுக்காரர் இதே மாதிரி மெலிகிறது என்று வந்து நின்றார். மச்சான் முறை வேண்டும். என் கதை கேட்டிருந்ததால் நேராகக் காற்றுக் குழாயைப் போய்ப் பார்த்திருக்கிறார், அது சுத்தமாக இருந்ததாம். “மச்சான், நீ சொன்னது தப்பு” என்று ஆரம்பித்தார். கேனைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் கேனிலிருந்து ஓட்டினோம், நன்றாக ஓடியது. அடுத்து கேனில் போட்டிருந்த என் குழாயைக் கழற்றிவிட்டு, அவருடைய பழைய குழாயின் ஒரு முனையை டாங்குக்குப் பதில் கேனுக்குள் விட்டு ஓட்டினோம், கொஞ்ச நேரத்தில் மெலிந்தது. ஆக டாங்க் சரி, குழாய்தான். வெளியே பார்க்க அது புதிது மாதிரி இருந்தது, கையால் அழுத்தினாலும் கெட்டியாகவே இருந்தது. கத்தியால் நீளவாக்கில் கிழித்தோம். உள்பக்க ரப்பர் தோல் உரிந்து ஒரு ஓரமாக நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக இழுத்தால் ஓரத்தில் படுத்திருக்கும், பலமாக இழுத்தால் எழுந்து வழியை அடைத்துக்கொள்ளும். குழாய்க்கு 900 ரூபாய் ஆனது. மத்தியானமே கடலுக்குத் தயாராகிவிட்டார்.